ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

எங்கள் வீட்டுக்கு நாய் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதன் போட்டோவைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "டீச்சர், ராஜபாளையத்துக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு, ஏன் ராஜபாளையம் நாய் வாங்கல?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வீட்டுக்கு நாய் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் 33 வருஷம் உயிரியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது வயது 64. அம்மாவுக்கு 86. கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். கணவர் காலமாகி 6 வருஷம் ஆகிறது. ஒரே மகன் பெங்களூரில் இருக்கிறான். 5 சென்ட் இடத்தில் ஓட்டு வீடு, முன்னால் ஒரு வேப்பமரம், கொஞ்சம் மண் தரை. சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரை அந்த வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். பெரும்பாலும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அம்மா அப்பா வேலை முடிந்து வருகிற வரைக்கும் அவர்களுக்கு உட்கார ஒரு இடம், சந்தேகம் கேட்க ஒரு ஆள். காசு எதுவும் வாங்குவதில்லை.

இப்படி இருக்கும்போது, எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். மகனுக்குச் செய்தி போய்விட்டது. அன்று ராத்திரியே போன். "அம்மா, ஒண்ணு ஆச்சியைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துருங்க. இல்லேன்னா நல்ல காவல் நாய் ஒண்ணு வாங்கி விடுறேன். ராஜபாளையம்தான் சரி. விசாரிச்சுட்டேன்."

பெங்களூருக்குப் போக எங்கள் இருவருக்கும் விருப்பமில்லை. ஆகவே நாய் என்று முடிவாகிவிட்டது. அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "நாய் வரட்டும் தாயி. ஆனா நம்ம வீட்டுக்கு வாரவுகள வெரட்டுற நாயா இருக்கக் கூடாது."

மகன் கேட்டது ஒன்று, அம்மா கேட்டது இன்னொன்று. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் யோசிக்க வேண்டியிருந்தது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டுமே எங்கள் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயர்கள். நாட்டு நாய் இனங்களை மத்திய அரசின் கர்னால் நிறுவனம் பதிவு செய்யத் தொடங்கியபோது முதலில் இடம்பிடித்த மூன்றில் இரண்டு இவைதான். மூன்றாவது கர்நாடகத்தின் முதோல். ராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால்தலையும் வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது இரண்டின் பெயரையும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டுக்கும் கிராக்கி கூடிவிட்டது.

ஒரே மாவட்டம் என்றாலும் நிலம் வேறு. ராஜபாளையம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். சிப்பிப்பாறை கரிசல் காடு, கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. மலையடிவாரத்து நாய் காட்டுப்பன்றியை எதிர்த்து நின்றது. கரிசல் நாய் முயலைத் துரத்தி ஓடியது. உடம்பைப் பார்த்தாலே இது தெரியும். ராஜபாளையம் பால்வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு, கனத்த எலும்பு, 30 கிலோவைத் தொடும் உடம்பு. சிப்பிப்பாறை குறுகிய இடுப்பு, ஆழமான மார்பு, நீளமான கால், ஒட்டிய வயிறு. ஒன்று நிற்பதற்கு, இன்னொன்று ஓடுவதற்கு.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை கூடாது. ஆனால் சட்டம் நமக்குத்தான், நாயின் ரத்தத்துக்கு இல்லை. நிற்கிற நாய் இன்னமும் யாரையாவது எதிர்த்து நிற்கப் பார்க்கும். ஓடுகிற நாய் எதையாவது துரத்தப் பார்க்கும். இந்த இரண்டில் எது நம் வீட்டில் நடந்தால் நம்மால் சமாளிக்க முடியும் என்பதுதான் கேள்வி.

என் தம்பிக்கு ஊருக்கு வெளியே தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குள்ளேயே வீடு, அவனும் அவன் மனைவியும் மட்டும். மோட்டார் வயரை இரண்டு முறை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் அந்தச் சமயத்தில் ராஜபாளையம் குட்டி வாங்கப் போனான். நானும் கூடப் போனேன்.

குட்டிகள் அழகு என்றால் அவ்வளவு அழகு. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து தூங்கிக்கொண்டிருந்தன. நான் பையில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொண்டு போயிருந்தேன். தம்பி சிரித்தான். காரணம் இருக்கிறது. முழு வெள்ளை நிற நாய்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். குட்டி பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருக்கும், ஓடும், விளையாடும். மற்ற குட்டிகளைப் பார்த்து அதுவும் திரும்பும். அதனால் குட்டியைத் தனியே பிரித்து, அது தூங்கும்போதோ, நமக்கு முதுகு காட்டி நிற்கும்போதோதான் சத்தம் எழுப்பிப் பார்க்க வேண்டும். தரை அதிரக் கூடாது. காற்றும் அதன் மேல் படக் கூடாது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு காதும் கேட்காததை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

அந்த வளர்ப்பாளர் கோபப்படவில்லை. "தட்டிப் பாருங்க டீச்சரம்மா. கேட்டு வாங்குறவுகளுக்குத்தான் நான் குடுப்பேன்" என்றார். தம்பி ஒரு குட்டியைத் தேர்ந்தெடுத்தான். இன்றைக்கு அது தோப்பில் ராஜா மாதிரி இருக்கிறது. தேங்காய் வெட்ட வருகிறவர்கள் முதல் நாளே போன் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். தம்பி வீட்டுக்கு ராஜபாளையம் சரியான நாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கு நானும் என் வீட்டுக்கு ஒரு குட்டி கேட்டேன். வளர்ப்பாளர் என் வீட்டைப் பற்றி விசாரித்தார். சாயங்காலம் பிள்ளைகள் வருவார்கள் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "தினமும் வர்ற பிள்ளைகன்னா சின்னதுலருந்தே பழக்கிறலாம். ஆனா மாசத்துக்கு ரெண்டு புதுப் பிள்ளை வரும், அதுக அப்பன் ஆத்தா கூப்பிட வருவாக, அடுத்த வருஷம் வேற பிள்ளைக வரும். இது யாரு, அது யாருன்னு நாய் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கும். அந்நேரம் நீங்க கட்டித்தான் போடணும். தினமும் ஆளுகளைப் பாக்கப் பாக்கக் கட்டிப்போட்டா நாய்க்குக் கோவம் கூடத்தான் செய்யும்."

விற்கிறவரே இப்படிச் சொன்னது எனக்குப் பெரிய உதவி. அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை இரண்டாக மடித்தேன். ஒரு பக்கம் ராஜபாளையம், மறுபக்கம் சிப்பிப்பாறை என்று எழுதவில்லை. ஒரு பக்கம் எங்கள் வீட்டில் காலை 5 முதல் இரவு 10 வரை என்ன நடக்கிறது, யார் யார் வருகிறார்கள் என்று எழுதினேன். பால்காரர், பேப்பர் போடும் பையன், கீரைக்காரம்மா, அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வரும் செவிலியர், சாயங்காலப் பிள்ளைகள், ஏழு மணிக்கு அவர்களைக் கூப்பிட வரும் பெற்றோர். எண்ணிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 25 பேருக்குக் குறையாமல் எங்கள் கேட்டைத் திறக்கிறார்கள். மறுபக்கம், என்னால் என்ன முடியும் என்று எழுதினேன். 30 கிலோ நாய் திடீரென்று இழுத்தால் என் முழங்கால் தாங்காது. அம்மாவின் காலுக்கு நடுவில் புகுந்தால் இடுப்பெலும்பு முறிவுதான். அந்த வயதில் இடுப்பு முறிந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் வயதானவர்களை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

எழுதி முடித்தபோது விஷயம் தெளிவாகிவிட்டது. நல்ல காவல் நாய் ஒன்று வந்தால் திருடன் வர மாட்டான். அதோடு கீரைக்காரம்மாவும் வாசலோடு போய்விடுவார். புதிதாக ஒரு பிள்ளை, கூச்சப்பட்டுக்கொண்டு, நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்து, உறுமலைக் கேட்டுத் திரும்பிப் போய்விடும். போனது எனக்குத் தெரியவும் தெரியாது. திருட்டுக்கு பயந்து அந்தப் பிள்ளையை இழக்க நான் தயாராக இல்லை.

மகனிடம் சொன்னேன். அவன் சமாதானம் ஆகவில்லை. "அப்ப சிப்பிப்பாறை எதுக்கு? அது காவலே காக்காதே" என்றான். காக்கும். புது ஆள் என்றால் குரைத்துச் சொல்லும். பாய்ந்து கடிக்கிற குணம் பொதுவாகக் குறைவு. எனக்குச் சொல்கிற நாய் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாசலிலும் கொல்லையிலும் பிரகாசமான லைட் போட்டேன். பின்கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் வைத்தேன். அது நாய் செய்ய வேண்டிய வேலை இல்லை.

அடுத்தது வயதுக் கணக்கு. இதை யாரும் போடுவதில்லை, ஆனால் ஓய்வு பெற்றவர்கள் கட்டாயம் போட வேண்டிய கணக்கு. நல்லபடியாக வளர்த்தால் நாய் 12, 13 வருஷம் இருக்கும். அப்போது எனக்கு 63. 45 நாள் குட்டி வாங்கினால் அதன் கடைசிக் காலத்தில் எனக்கு 75 தாண்டிவிடும். குட்டி என்றால் முதல் வருஷம் முழுக்கக் கடிக்கும், குதிக்கும், வீடெல்லாம் ஒன்றுக்குப் போகும். ஈரத்தரையில் அம்மா வழுக்கினால்? ஆகவே வளர்ந்த நாய்தான் என்று முடிவு செய்தேன். வளர்ந்த நாயின் குணம் கண்ணுக்கு முன்னால் தெரியும். குட்டி எப்படி வளரும் என்பது கொஞ்சம் அதிர்ஷ்டம்தான்.

சொல்லி வைத்து நாலு மாதம் காத்திருந்தோம். கரிசல் காட்டு ஊர் ஒன்றில் ஒரு சம்சாரி, விவசாயம் கட்டுப்படியாகாமல் குடும்பத்தோடு திருப்பூர் போகிறார் என்று தகவல் வந்தது. அவரிடம் மூன்று நாய்கள் இருந்தன. இரண்டு ஆண் நாய்களையும் சொந்தக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 4 வயதான பெட்டையைக் கேட்பாரில்லை. செம்மண் நிறம். பெயரே செவலைதான்.

மூன்று முறை போய்ப் பார்த்தேன். முதல் தடவை அம்மாவின் கைத்தடியைக் கொண்டு போனேன். கம்பால் அடிபட்டு வளர்ந்த நாய், கைத்தடியைக் கண்டால் ஒன்று பயந்து ஓடும், இல்லை கடிக்க வரும். செவலை இரண்டடி பின்னால் போனது. உறுமவில்லை. கைத்தடியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் கழித்து வந்து மோந்து பார்த்தது. இரண்டாம் முறை அது சாப்பிடும்போது பக்கத்தில் நடந்து பார்த்தேன். மூன்றாம் முறை, பெற்றோரிடம் சொல்லிவிட்டு, எங்கள் பிள்ளைகளில் நாலு பேரை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டிப் போனேன். பிள்ளைகள் கத்தினார்கள், ஓடினார்கள், ஒருவன் கீழே விழுந்தான். நாய் வேப்ப நிழலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. 15 நாள் வைத்துப் பார்க்கிறேன், ஒத்து வராவிட்டால் வேறு நல்ல இடம் பார்த்துத் தருகிறேன் என்று பேசிக்கொண்டு கூட்டி வந்தேன். விலை என்று அவர் வாங்கவில்லை. "நல்லா வச்சுக்கோங்க தாயி" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிப்பிப்பாறை என்றால் கஷ்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சுவர் 4 அடி. அந்த உயரமெல்லாம் இதற்கு வாசற்படி மாதிரி. சுவருக்கு மேல் கம்பி வலை அடித்து உயர்த்த 14,000 ரூபாய் ஆனது. தினமும் ஓட வேண்டும், சும்மா நடந்தால் போதாது. என்னால் ஓட முடியாது. எங்கள் தெருவில் போலீஸ் தேர்வுக்காகக் காலையில் பள்ளி மைதானத்தில் ஓடுகிற ஒரு பையன் இருந்தான். "ஓடுறதுதான் ஓடுற, இதையும் கூட்டிக்கிட்டு ஓடுய்யா" என்று கேட்டேன். இப்போது அவன் தம்பி கூட்டிப் போகிறான். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இந்த நாயை நான் வாங்கியிருக்கவே மாட்டேன். ஓடாத சிப்பிப்பாறை வீட்டைப் பிராண்டித் தள்ளிவிடும்.

கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓட விட முடியாது. எங்கள் பக்கம் தெருவெல்லாம் மயில். மயிலையோ முயலையோ பிடித்துவிட்டால் கேஸ் நம் மேல்தான். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று வலையைத் தாண்டிப் பறந்து வந்தது. நான் எழுந்திருப்பதற்குள் முடிந்துவிட்டது. 450 ரூபாய் கொடுத்தேன். பக்கத்து வீட்டம்மா ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் கோழிகளின் இறகைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டார்கள், நானும் அந்தப் பக்கம் வலையை இன்னும் ஒரு அடி ஏற்றினேன்.

எங்கள் வட்டாரத்தில் தீபாவளிக்கு மட்டும் வெடிச் சத்தம் கேட்பதில்லை, வருஷம் முழுக்கக் கேட்கும். பயந்த நாய் கண்மண் தெரியாமல் ஓடும். தீபாவளி மூன்று நாளும் உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, நான் கூடவே உட்கார்ந்திருக்கிறேன்.

கருத்தடை ஆபரேஷன் செய்தபோது டாக்டரிடம் இனத்தை முதலிலேயே சொன்னேன். இந்த மாதிரி ஓட்ட நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. மயக்க மருந்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி வருஷம் தவறாமல் போடுகிறேன். பிள்ளைகள் வரும் வீடு, இதில் சலுகையே கிடையாது.

முதல் மாதம் சாயங்காலம் 5 முதல் 7 வரை செவலையைக் கொல்லைப்புறத்தில் விட்டுக் கதவைச் சாத்தி வைத்தேன். அடுத்த மாதம் கயிற்றோடு என் நாற்காலிக்குப் பக்கத்தில். மூன்றாம் மாதம் முதல் அவிழ்த்து விட்டேன். கரும்பலகையில் மூலையில் மூன்று விதி எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அழிக்கவில்லை. சாப்பிடும்போது தொடாதே. தூங்கும்போது எழுப்பாதே. கடித்தாலோ பிராண்டினாலோ மறைக்காதே. எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் அடி விழும் என்று பயந்து மறைக்கிற பிள்ளைகள்தான் வெறிநோயில் போகின்றன. நாய் வந்த சாக்கில் இந்தப் பாடமும் நடந்தது.

அம்மாவுக்கும் செவலைக்கும் பெரிதாக ஒட்டுதல் என்று சொல்ல முடியாது. ஆனால் அம்மா எழுந்து நடக்கும்போது அது ஒதுங்கி நிற்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கைத்தடி பயமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் எனக்கு அது போதும்.

திருடன் வந்தானா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. சில ராத்திரி குரைக்கிறது, நான் லைட்டைப் போடுகிறேன், அது படுத்துக்கொள்கிறது. மகன் இப்போதும் ராஜபாளையம்தான் சரி என்கிறான். அவன் கவலை எனக்குப் புரிகிறது. அவ்வளவு தூரம் தள்ளி இருப்பவனுக்குப் பூட்டின கேட்தான் நிம்மதி.

நாய் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்த இனம் நல்ல இனம் என்று கேட்காதீர்கள், இரண்டும் நல்ல இனம்தான். உங்கள் கேட்டை ஒரு நாளைக்கு எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அவர்களில் யாரை இழக்க முடியும், யாரை இழக்க முடியாது என்று பாருங்கள். தினமும் ஒரு மணி நேரம் யார் கொடுப்பார்கள், பெயரைச் சொல்லுங்கள். வீட்டிலேயே பலவீனமான ஆள் யார், அவர் மேல் அந்த நாய் மோதினால் என்ன ஆகும்? அது கிழடாகும்போது உங்களுக்கு என்ன வயது? இதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டால் எந்த நாய் என்பது தானாகத் தெரிந்துவிடும். சில வீடுகளுக்கு நாயே வேண்டாம் என்றும் தெரியலாம். அதுவும் நல்ல முடிவுதான்.

ஜூன் மாதம் புதிதாக மூன்று பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பெண், ஐந்தாம் வகுப்பு, முதல் நாள் நாயைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். செவலை எழுந்துகூட வரவில்லை. இரண்டு நிமிஷம் பார்த்தாள், உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். பின்னக் கணக்கில் கொஞ்சம் தடுமாறுகிறாள். சரியாகிவிடும்.